சாக்குக்கட்டியும் உப்புப் பாத்தியும்

1868ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நார்விச் நகரில், உழைக்கும் மக்கள் கூடிய அவையில், உயிரியலாளர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். பொருள், சாக்குக்கட்டி. பின்னால் கட்டுரையாக அச்சேறிய அந்தப் பேச்சுக்கு மேலாக ஆங்கிலத்தில் இன்னொரு விளக்கக் கட்டுரையை என்னால் வைக்க முடியவில்லை.

இந்த ஊரில் கிணறு வெட்டினால் எதில் போய் முட்டும் என்பதில் தொடங்குகிறார். சாக்கு என்னும் வெள்ளைச் சுண்ணக்கல்லில் என்று நார்விச்சில் எந்தக் கூலியாளுக்கும் தெரியும். அங்கிருந்து கேட்பவரைக் கைபிடித்து அழைத்துப் போகிறார். சாக்கைச் சுட்டால் என்ன ஆகும், மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால் என்ன தெரியும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். கண்ணுக்கு எட்டாத சிறு உருண்டைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் அறைகள். அந்த உருவம் மனதில் நன்றாகப் பதிந்த பிறகுதான் குளோபிஜெரினா என்ற உயிரியின் பெயரே வருகிறது. அதன்பின் அட்லாண்டிக்குக்குப் போகிறார். தந்திக் கம்பி போடுவதற்காகக் கடலின் ஆழம் பார்த்தபோது அடியிலிருந்து சேறு வந்தது. அந்தச் சேறு நிறைய அதே உயிரியின் ஓடுகள். அப்படியானால் நம் ஊர் நிற்பது பழைய கடலடியின் மேலா? ஹக்ஸ்லி சொல்வதற்கு ஒரு நொடி முன்பே வாசிப்பவர் இதைத் தானே சொல்லிக்கொள்கிறார். விளக்கும் கலையின் உச்சம் எனக்கு அந்த ஒரு நொடிதான்.

தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கட்டுரை சொல்லிக்கொடுப்பது என் வேலை. பள்ளிக்கூடத்தில் அவர்கள் கட்டுரை எழுதியதில்லை, நோட்ஸை மனப்பாடம் செய்து இறக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் முதல் வரி எப்போதும் வானத்திலிருந்துதான் தொடங்கும். தூத்துக்குடிப் பக்கத்து உப்பளக் குடும்பத்து மாணவி ஒருத்தி, மனித வாழ்வுக்கு உப்பு இன்றியமையாதது என்று தொடங்கியிருந்தாள். பிழையில்லாத ஆங்கிலம்தான், ஆனால் அவள் அதில் இல்லை. "கடல் தண்ணிய அப்படியே காயவிட்டா உப்பாயிடாதா? அதுக்கு ஏன் இத்தனை பாத்தி?" என்று கேட்டேன். "ஆகாது சார், கசக்கும்" என்றாள். அதை எழுதச் சொன்னேன்.

அடுத்த வாரம் அவள் கொண்டுவந்த பத்தியை இன்றைக்கும் வகுப்பில் படித்துக் காட்டுகிறேன். தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் இறுக்குகிறார்கள். உப்புக்கு முன்னால் அடியில் படிவது ஜிப்சம், அது உப்பில்லை. தண்ணீரின் அடர்த்தி போமே அளவில் சுமார் 25 டிகிரிக்கு ஏறும்போதுதான் உப்பு பூக்கத் தொடங்கும். அதற்காகப் பாத்தி வற்றும்வரை விட்டுவிடக் கூடாது. கடைசியில் மிஞ்சும் தண்ணீரில் மெக்னீசிய உப்புகள் சேர்ந்திருக்கும், கசப்பு அதனால்தான். ஆகவே ஈரம் இருக்கும்போதே உப்பை வாரிவிட்டு, மீந்த நீரை வெளியேற்றிவிட வேண்டும். மொத்தம் ஒன்பது வாக்கியங்கள். படித்து முடித்தால், இத்தனை பாத்தி எதற்கு என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

அந்தப் பத்தியில் நான் திரும்பத் திரும்ப ரசிப்பது அதன் நுணுக்கங்களை. ஆங்கிலத்தில் ஒரு பொருள் முதன்முறை வரும்போது அதன் முன்னால் 'எ' நிற்கும், மறுமுறை 'தி' நிற்கும். பிள்ளைகளுக்கு இது மதிப்பெண் போகிற இலக்கணத் தொல்லை. அவள் பத்தியிலோ இரண்டும் கட்டுரையையே தாங்கி நின்றன. 'எ' வந்தால், இது உங்களுக்குப் புதிது, கொஞ்சம் நின்று பாருங்கள் என்று பொருள். 'தி' வந்தால், இது நாம் பார்த்ததுதான், மேலே நடக்கலாம் என்று பொருள். வாசகருக்கு இப்போது எது தெரியும், எது தெரியாது என்று எழுதுகிறவர் அடிக்கொரு தரம் எண்ணிப் பார்க்காமல் இந்த இரண்டையும் சரியாக வைக்கவே முடியாது.

செயப்பாட்டு வினையும் அப்படித்தான். அதைத் தவிர்க்கச் சொல்லி ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய அறிவுரையை ஆசிரியர்கள் வேதமாக்கிவிட்டார்கள். உப்புப் பத்தியில் தண்ணீர் இறைக்கப்படுகிறது, தேக்கப்படுகிறது, வெளியேற்றப்படுகிறது. வாக்கியத்துக்கு வாக்கியம் எழுவாய் தண்ணீர்தான். செய்வினையாக மாற்றியிருந்தால் அளக்காரர்கள் நடுவில் வந்து வந்து போயிருப்பார்கள், தண்ணீரின் கதை அறுந்திருக்கும். இந்த இடத்தில் என் ஓட்டு ஆர்வெலுக்கு இல்லை.

தமிழர்களுக்கு வரும் உண்மையான இடறல் வேறு இடத்தில். மோட்டார் வைத்து இறைத்துப் பாத்தியில் தேக்கிப் பத்து நாள் வெயிலில் காய்ந்த தண்ணீர் என்று நாம் அடையெல்லாம் முன்னால் அடுக்கி, பொருளைக் கடைசியில் வைப்போம். ஆங்கிலம் தண்ணீரை முதலில் நிறுத்திவிட்டு மற்றதைப் பின்னால் கோக்கும். நம் வழக்கத்தை அங்கே கொண்டுபோனால், எதைப் பற்றிப் பேச்சு என்று தெரியாமலேயே வாசகர் ஏழெட்டுச் சொற்களைச் சுமந்துகொண்டு வர வேண்டியிருக்கும். வாக்கியத்தைப் புரட்டிப் போடும் இந்தப் பழக்கம் கைவர மாதக்கணக்காகும். வந்துவிட்டால் எழுத்தே தெளிந்துவிடும்.

ராபர்ட் கப்லான் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1966இல் ஒரு கட்டுரையில் படங்கள் போட்டார். ஆங்கிலத்தில் எழுதுபவர் சிந்தனை நேர்கோடு, கீழைநாட்டவர் சிந்தனை சுருள் என்று. அவர் கீழைநாடு என்று பேசியது பெரும்பாலும் சீன, கொரிய மாணவர்களை வைத்து. ஆனாலும் அந்தச் சுருள் நம் தலையிலும் ஏறிக்கொண்டது. நான் அதை ஏற்பதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூல் நூலுக்குரிய பத்து அழகுகளில் விளங்க வைத்தலையும் முறையின் வைப்பையும் சேர்த்திருக்கிறது. மற்றொன்று விரித்தலைக் குற்றமாக ஒதுக்கியிருக்கிறது. விளக்கக் கட்டுரைக்கு வேறென்ன இலக்கணம் வேண்டும்? அந்தப் பட்டியலைத் தமிழ் வகுப்பில் படித்த பிள்ளை, பக்கத்து அறையில் ஆங்கில வகுப்புக்கு வந்ததும் அதை மறந்துவிடுகிறது. நினைவுபடுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

நம்மில் ஒருவர் ஆங்கில விளக்க எழுத்தை எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும் என்பதற்கு மா. கிருஷ்ணன் இருக்கிறார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், தமிழிலும் எழுதியவர். 1950 முதல் 1996இல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மேன்' இதழில் காட்டுயிர் பற்றி ஆங்கிலத்தில் பத்தி எழுதினார். அவர் எழுதினால் கூரைமேல் ஓடும் அணிலும் புதிதாகத் தெரியும்.

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொலைக்காட்சியின் நன்மை தீமை போன்ற தலைப்புகளைக் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வையுங்கள். தறி, படகு, செங்கல் சூளை, பூக்கட்டு என்று பிள்ளையின் வீட்டுக்குத் தெரிந்த தொழிலை, அதைப் பார்த்தே இராத ஒருவருக்கு விளக்கச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும், அந்தத் தொழில் தெரியாத இன்னொரு மாணவரிடம் தாளைக் கொடுங்கள். அவர் எந்த வரியில் நின்று திரும்பிப் படிக்கிறாரோ, அந்த வரியில் சிவப்பு மையை வையுங்கள். இலக்கணப் பிழையை அதற்குப் பிறகு பார்க்கலாம்.