உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்

பழனியிலிருந்து பாலாறு-பொருந்தலாறு அணைக்குப் போகிற வழியில் இருக்கிறது பாலசமுத்திரம். முன்னால் வயலும் தென்னையும், பின்னால் சுவர் எழுப்பிய மாதிரி கொடைக்கானல் மலை. அங்கே என் அத்தை வீடு. சமீபத்தில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தேன். கோயமுத்தூரில் வேலை பார்க்கும் அத்தையின் பேத்தியும் வந்திருந்தாள். பையைத் திறந்து ஒரு டெனிம் கவுனை எடுத்து உதறினாள்.

கறுநீலம். சட்டைக் காலர். மேலிருந்து கீழ் வரை பட்டன். முழங்கை வரை கை. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளம். இடுப்பில் அதே துணியில் ஒரு நாடா. அவ்வளவுதான். எம்பிராய்டரி இல்லை, ஜிகினா இல்லை, முதுகில் இங்கிலீஷ் வாசகம் இல்லை, முட்டியில் கிழிசலும் இல்லை.

"என்ன கண்ணு, பள்ளிக்கூட யூனிஃபார்ம் கணக்கா இருக்குது?" என்றார் அத்தை.

"விலையை மட்டும் கேட்டுறாதீங்க அப்பத்தா."

கீழே இரண்டு விரல் மடித்துத் தைக்க வேண்டியிருந்தது. பக்கத்துத் தெரு டெய்லரிடம் போனோம். அவர் செய்த முதல் காரியத்தை நான் இன்னும் மறக்கவில்லை. வெளிப்பக்கத்தை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. கவுனைக் கையில் வாங்கியதும் சரக்கென்று உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பினார். தையல் மேல் விரலை ஓட்டினார். "நல்ல வேலைங்க. ஏமாத்தலை" என்றார்.

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். புத்தகத்துக்கு, நாடகத்துக்கு, ஓட்டல் தோசைக்குக்கூட எழுதுகிறோம். காலையிலிருந்து ராத்திரி வரை உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிற துணிக்கு மட்டும் "நல்லாருக்கு", "நல்லால்லை" என்ற இரண்டே வார்த்தை விமர்சனம். எனவே இந்த வாரம், ஒரு சாதாரண நீலக் கவுனுக்கு விமர்சனம். டெய்லர் காட்டிய முறையில், உள்ளேயிருந்து ஆரம்பிப்போம்.

அலங்காரம் இருக்கிற துணியில் தப்பு ஒளிந்துகொள்ளும். கோணலான தையல் மேல் ஒரு லேஸை வைத்துவிடலாம், பொருந்தாத தோள்மூட்டை ஒரு சுருக்கத்தில் மறைத்துவிடலாம். எளிமையான துணியில் அந்த வசதி கிடையாது. இரண்டு பக்கக் காலரும் ஒரு நூல் பிசகினால்கூடப் பார்க்கிறவர் கண் அங்கேதான் போகும். எளிமை என்றால் வேலை குறைவு என்று நினைக்கிறோம். உண்மை நேர்மாறு. ஜரிகைப் புடவையை நெய்தவருக்கு மன்னிப்பு கிடைக்கும். வெள்ளை வேட்டி நெய்தவருக்குக் கிடைக்காது.

இந்தக் கவுனில் பக்கத் தையலை வெறும் ஓவர்லாக் போட்டு விட்டுவிடவில்லை. இரண்டு துணி ஓரத்தையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து, மேலே இரண்டு வரிசை ஓட்டியிருக்கிறார்கள். பிசிறு வெளியே வர வழியே இல்லை. காஜா நெருக்கமாக, பட்டன் ஆட்டம் கொடுக்காமல். "இந்தத் துணிக்குச் சாதா ஊசி உடைஞ்சு போயிருங்க. பதினாறாம் நம்பர் போடணும். மடிப்பு நாலு அடுக்கா வர்ற எடத்துல கையாலதான் சக்கரத்தைச் சுத்தணும்" என்றார் டெய்லர்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். சிரித்தார். 1995-ல் அர்விந்த் மில்ஸ் 'ரஃப் அண்ட் டஃப்' என்று ஒரு கிட் விட்டது ஞாபகமிருக்கிறதா? ஜீன்ஸ் துணி, ஜிப், ரிவெட், பட்டன் எல்லாம் ஒரே பையில், விலை 195 ரூபாய். வாங்கி நம்ம ஊர் டெய்லரிடமே கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம். ரெடிமேட் ஜீன்ஸுக்குக் காசில்லாத லட்சக்கணக்கான பையன்கள் அப்படித்தான் முதல் ஜீன்ஸ் போட்டார்கள். "அப்ப தொழில் பழகிட்டிருந்தேன். எத்தனையோ பேன்ட் தச்சிருக்கேன். பொம்பளப் புள்ளைக்குன்னு ஒண்ணுகூடத் தச்சதில்லீங்க" என்றார்.

இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

துணிக்கு வருவோம். டெனிமில் பாவு நூல் நீலம், ஊடை நூல் வெள்ளை. மூன்று நூலுக்கு மேலே, ஒரு நூலுக்குக் கீழே என்று நெய்வதால் வெளியே நீலமும் உள்ளே வெளுப்பும் தெரியும். சாய்வாக வரி வரியாக ஓடும். நீலச்சாயத் தொட்டியில் முக்கி எடுக்கும்போது நூல் பச்சை மஞ்சளாகத்தான் இருக்கும். காற்றுப் பட்டதும் நீலமாக மாறும். இப்படிப் பல தடவை முக்கினாலும் சாயம் நூலின் மேல்தோலில்தான் நிற்கும், நடுவே வெள்ளை அப்படியே இருக்கும். அதனால்தான் உரச உரச வெளுக்கிறது. எங்கே உட்கார்கிறோம், எங்கே கையை ஊன்றுகிறோம் என்பதெல்லாம் நாலு வருடத்தில் துணியிலேயே எழுதப்பட்டுவிடும்.

இந்த நீலம் ஒன்றும் அமெரிக்கச் சரக்கு இல்லை. 'இண்டிகோ' என்ற பெயரிலேயே இந்தியா இருக்கிறது. நம் ஊரில் அவுரி. ஜெர்மன் கம்பெனி ஒன்று 1897-ல் ரசாயன நீலத்தை விற்க ஆரம்பித்ததும் அவுரி விவசாயம் படுத்தது. திண்டிவனம் பக்கம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. 'டங்கரி' என்று வெள்ளைக்காரன் சொல்கிற முரட்டுத் துணியின் பெயரும் பம்பாய் டோங்ரியிலிருந்து போனதுதான். ஆக, பேத்தி போட்டிருந்தது அந்நிய உடுப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்தக் கவுனைக் கடையிலேயே வெளுக்கவிடவில்லை, கிழிக்கவில்லை. அதற்கு ஒரு தனி மார்க் கொடுக்கலாம். புது ஜீன்ஸைப் பழசாக்க மணலைப் பீய்ச்சி அடிக்கிற வேலையில் தொழிலாளிகளின் நுரையீரல் கெட்டு, 2009-ல் துருக்கி அந்த முறையையே தடை செய்தது. யாரோ ஒருவர் மூச்சைப் பறித்துப் பழசாக்குவதைவிட, நாமே போட்டுப் பழசாக்குவது நல்லது.

இப்போது பாக்கெட்.

டெனிம் கதையே பாக்கெட்டில்தான் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் ரீனோ என்ற ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்று ஒரு டெய்லர். ஒரு பெண்மணி வந்து, மரம் வெட்டுகிற தன் புருஷனுக்குக் கிழியாத கால்சட்டை வேண்டும் என்றார். சட்டென்று கிழிகிற இடம் பாக்கெட் ஓரம். டேவிஸ் அங்கே செம்பு ரிவெட் அடித்தார். துணி சப்ளை செய்த லீவை ஸ்ட்ராஸோடு கூட்டுச் சேர்ந்து 1873 மே 20-ம் தேதி பேட்டன்ட் வாங்கினார்கள். உலகம் முழுக்க நடந்து போகிற ஜீன்ஸின் மூலக்கரு, ஒரு பாக்கெட் கிழியக்கூடாது என்ற கவலை. கவலைப்பட்டது மனைவி. பாக்கெட் கிடைத்தது கணவனுக்கு.

பெண்ணுக்கென்று டெனிம் கவுன் ஒன்று பேர் வாங்க 1942 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. யுத்த காலம். வீட்டு வேலைக்கு இருந்தவர்கள் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். சமையலையும் துடைப்பதையும் தானே செய்ய வேண்டிய பெண்ணுக்கு ஓர் உடுப்பு வேண்டும் என்று 'ஹார்ப்பர்ஸ் பஜார்' பத்திரிகை கேட்க, க்ளேர் மெக்கார்டெல் என்ற டிசைனர் 'பாப்ஓவர்' தைத்தார். டெனிம் துணி, உடம்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம், பெரிய பாக்கெட், சூடான பாத்திரம் பிடிக்க ஒரு கையுறை கூடவே. விலை 6.95 டாலர். 75,000-க்கும் மேல் விற்றது. இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிறது. அடுப்படிக் கவுனுக்குக் கிடைத்த மரியாதை.

அந்தக் கவுனின் விசேஷம் வேலை செய்யலாம் என்பது மட்டுமல்ல. அதே துணியோடு வாசலுக்கு வந்து விருந்தாளியைக் கூப்பிடலாம் என்பதுதான்.

நம்ம வீட்டில் இதற்குச் சமமான உடுப்பு எது? யோசியுங்கள். நைட்டி!

பெயர்தான் ராத்திரி. வேலை பூராவும் பகலில். தளர்வு, காற்றோட்டம், ஒரே துணி, மலிவு, சீக்கிரம் காயும். தமிழ்நாட்டுப் பெண்கள் தங்களுக்குத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்ட வேலை உடுப்பு அது. எந்த டிசைனரும் சொல்லவில்லை, எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. ஆனால் வாசலில் பால்காரர் மணி அடித்தால் என்ன நடக்கிறது? ஒரு துண்டைத் தேடி ஓடுகிறார்கள். மேலே போர்த்திக்கொண்டுதான் கதவு திறக்கிறது. அந்தத் துண்டுதான் எல்லைக்கோடு. 2018-ல் ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்துத் தோக்கலப்பள்ளி கிராமத்தில், பகலில் நைட்டி போட்டால் 2,000 ரூபாய் அபராதம் என்று ஊர்ப் பெரியவர்கள் தீர்மானமே போட்டார்கள். காட்டிக்கொடுத்தால் 1,000 ரூபாய் பரிசு வேறு.

வயல் வேலைக்குப் போகிற பெண்களைப் பாருங்கள். புடவைக்கு மேல் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை. வெயிலுக்குக் கை மறைகிறது, அரிப்பு இல்லை, முக்கியமாக மார்புப் பக்கம் ஒரு பை! அவர்கள் கேட்பது வேறொன்றுமில்லை, வேலைக்கு ஏற்ற துணி. கிடைக்காததால் கடன் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள்.

நல்லபடியாகத் தைத்த டெனிம் கவுன், நைட்டியும் அந்தச் சட்டையும் சேர்ந்த ஒன்று என்று எனக்குத் தோன்றுகிறது. நைட்டியின் தளர்வு, சட்டையின் கெட்டி. துண்டு தேடாமல் தெருவில் இறங்கலாம். இதை ஃபேஷன் என்று தள்ளுகிறவர்கள் அத்தை மாதிரி பெண்கள் ஒரு நாளில் எத்தனை தடவை துண்டு தேடுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

சரி, குறைகள். மூன்று சொல்கிறேன்.

ஒன்று, வெயில். டெனிம் எடையை அவுன்ஸில் சொல்வார்கள். ஜீன்ஸுக்கு 12, 14 அவுன்ஸ் இருக்கும். கவுனுக்கு அதில் பாதி போதும். இது கொஞ்சம் கூடுதல். சித்திரையில் பழனிக்கு ஆகாது. ஐப்பசி மழையில் துவைத்தால் இரண்டு நாள் கொடியிலேயே தொங்கும்.

இரண்டு, அளவு. ஒல்லியான பெண்ணை மனதில் வைத்து வெட்டிய கட்டிங். பிள்ளை பெற்ற உடம்புக்கு நெஞ்சுப் பக்கம் இரண்டு பட்டன் நடுவே வாய் பிளக்கும். எளிமை எல்லோருக்கும் என்றால் எல்லா இடுப்புக்கும் வெட்ட வேண்டாமா?

மூன்றாவது குறை டெய்லர் காட்டியது. பக்கவாட்டு பாக்கெட்டில் கையை விட்டார். இரண்டு விரல் கணு வரைதான் போனது. "இவ்வளவு நல்லாத் தச்சவங்க இங்க வந்து கஞ்சத்தனம் பண்ணிட்டாங்க பாருங்க" என்றார். செல்போனை வைத்தால் பாதி வெளியே எட்டிப் பார்த்தது. ஆண்களின் ஜீன்ஸில் மணிக்கட்டு வரை போகிற கை, பெண்கள் துணியில் ஏன் பாதியில் நிற்கிறது? மிச்சமாவது ஒரு கால் மீட்டர் துணி. மார்க் போடச் சொன்னால் தையலுக்கு 90, துணிக்கு 70. பாக்கெட்டில் பெயில்.

மறுநாள் காலை எல்லோரும் பழனி மலைக்குக் கிளம்பினோம். பேத்தி சுடிதார், துப்பட்டாவில் வந்து நின்றாள். "கவுன் எங்கே?" என்றேன். "கோயிலுக்குன்னா வேண்டாம் மாமா, எதுக்கு வம்பு" என்றாள். யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

2015 நவம்பரில் ஹைகோர்ட் மதுரைக் கிளை, கோயிலுக்கு வருகிற பெண்கள் புடவை, தாவணி அல்லது துப்பட்டாவோடு சுடிதார் அணிய வேண்டும் என்று உத்தரவிட்டது. 2016 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது, அந்த மாதமே மேல் பெஞ்சில் இடைக்காலத் தடையும் வந்தது. ஆண்கள் பட்டியலில் பேன்ட், சட்டை இருந்தது. அதுவும் மேல்நாட்டு உடுப்புதான். பெண்கள் பட்டியலில் கவுனுக்கு இடமில்லை. கழுத்து மூடி, கை மூடி, கால் மூடியிருந்தாலும் இல்லை. அந்தப் பட்டியல் மறைகிற அளவைப் பார்க்கவில்லை, உடுப்பின் பெயரைப் பார்த்தது. உத்தரவு நின்றுபோய் வருடங்கள் ஆகிவிட்டன. அந்தப் பெண்ணின் தலைக்குள் மட்டும் இன்னும் அமலில் இருக்கிறது.

சாயங்காலம் கவுனை வாங்கப் போனபோது அத்தையும் கூட வந்தார். கையில் ஒரு நைட்டி.

"ஏப்பா, இதுக்கு ரெண்டு பக்கமும் பை வெச்சுக் குடு. சாவி, சில்லறை, செல்லு எல்லாத்தையும் கையிலயே வெச்சுட்டுத் திரியறேன்."

"எவ்வளவு ஆழங்க அம்மா?"

அத்தை தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார்.

இந்தப் பக்கத்தைப் படிக்கிற ஆண்கள் இன்று ஒரு காரியம் செய்யுங்கள். பீரோவைத் திறந்து, உங்கள் வீட்டுப் பெண்களின் உடுப்புகளில் எத்தனைக்குப் பை இருக்கிறது என்று எண்ணுங்கள். அப்புறம் உங்கள் பேன்ட் ஒன்றை எடுத்து அதிலும் எண்ணுங்கள்.