வார் பிடித்த தவில்

யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் இருந்து கிழக்கே சைக்கிளை விட்டால் அளவெட்டி. அங்கிருந்து தெற்கே இறங்கினால் இணுவில். இலங்கையில் மேளம் என்று பேச்செடுத்தால் இந்த இரண்டு ஊர்ப் பெயரும் வராமல் போகாது. தவிலுக்குத் தட்சிணாமூர்த்தி (1933–1975), நாதஸ்வரத்துக்கு அளவெட்டி என்.கே. பத்மநாதன் (1931–2003). திருவிழா என்றால் "ஆற்றை மேளம்?" என்று விசாரித்துவிட்டுத்தான் எங்கள் சனம் வெளிக்கிடும். அந்த மேளத்தைச் செய்தது ஆர் என்று விசாரிப்பவர் குறைவு. எனக்கோ அதில்தான் ஆசை அதிகம்.

நாதஸ்வரம் பெரும்பாலும் கடல் தாண்டி வந்தது. கும்பகோணத்துப் பக்கம் நரசிங்கம்பேட்டை என்றொரு சிற்றூர். 2022இல் அதன் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே ஆச்சா மரத்தில் கடைகிறார்கள், அதுவும் புது மரத்தில் கடைவதில்லை. இடித்த பழைய வீடுகளின் உத்தரங்களைத் தேடி வாங்குகிறார்கள். ஈரம் முற்றாக இறங்கிய மரம்தான் துளையிட்ட பின்னும் முறுகாமல், வெடிக்காமல் நிற்கும். நாதஸ்வர வித்துவான் ராஜரத்தினம் பிள்ளைக்காக அவ்வூர் ரங்கநாதன் ஆச்சாரி நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தைச் செய்து கொடுத்த பிறகு, கிறீச்சிடும் திமிரி நாயனம் மெல்ல ஒதுங்கியது. வாசிப்பவரின் குறையைக் கைவினைஞர் தன் உளியால் தீர்த்துவைத்த கதை அது. அந்தக் கட்டைச் சுருதியின் கம்பீரம் பிறகு எங்கள் கோயில் வீதிகளிலும் கேட்டது.

தலைமன்னாருக்கும் ராமேஸ்வரத்துக்கும் கப்பல் ஓடிய காலத்தில் தஞ்சாவூர் வித்துவான்கள் இங்கே வந்து வாசித்தார்கள், எங்களவர் அங்கே போய்ப் படித்தார்கள். வாத்தியமும் அதன் வாயில் பொருத்தி ஊதும் சீவாளியும் கூடவே வந்தன. எண்பதுகளில் கப்பல் நின்றது. 1990க்குப் பிறகு, போர்க்காலத் தடையால், குடாநாட்டுக்குச் சவர்க்காரமே தட்டுப்பாடு. நாணல் தட்டையில் செய்த ஒரு சீவாளியை அந்த நாட்களில் எவ்வளவு பக்குவமாக வைத்திருந்திருப்பார்கள்!

தவிலின் கதை வேறு. பலாக்கட்டையைக் குடைந்த கூடு எங்கிருந்தும் வரலாம். திருவிழாக் காலத்தில் தோல் கிழிந்தால் அக்கரைக்கு அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே தோல் வேலை தெரிந்த கை ஊருக்குள் இருந்தாக வேண்டும். ஊறவைத்த தோலை வளையத்தின் மேல் இழுத்து மடித்து, சுற்றிவரப் பதினொரு துளை போட்டு, அவற்றினூடு வாரைக் கோத்து இரண்டு முகத்தையும் பிணைக்க வேண்டும். வலது முகமான வலந்தலை விரலால் தட்டினால் கணீரென வேண்டும். இடது முகமான தொப்பி தளர்ந்து நிற்க வேண்டும். தொப்பியின் உட்புறத்தில் ஆமணக்கு விதை சேர்த்த பசையைப் பூசுவார்கள். அடி சற்றே குழைந்து விழுவது அதனால்தான். வலது கை விரல்களுக்குத் துணியையும் மாவுப் பசையையும் சுற்றிக் காயவைத்த கூடு. இடது கைக்குப் பூவரசங் கழி. எங்கள் வேலியில் ஆட்டுக்குக் குழை ஒடிக்கிற அதே பூவரசு.

இப்போது வாருக்குப் பதில் இரும்பு வளையமும் நட்டும் போல்ட்டும். வித்துவானின் பையில் ஸ்பானர் ஒன்று கட்டாயம் இருக்கும். அவரைக் குறை சொல்ல வரவில்லை. வார்த் தவில் இரவுப் பனிக்கு இளகும். சாமம் தாண்டி வாசிப்பவருக்கு அது எவ்வளவு இடைஞ்சல் என்று பக்கத்தில் இருந்து பார்த்தால் தெரியும். போல்ட் போட்டது ஏற்றிய சுருதியில் நிற்கும், ஒலிபெருக்கிக்கும் ஈடுகொடுக்கும். ஆனால் வலந்தலைச் சொல் துப்பாக்கி வெடி மாதிரி வந்து விழுகிறது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே தோல் மூச்சுவிடும் இடம் ஒன்று இருந்ததே, அது போய்விட்டது. வேகம் கூடியதைக் கண்டு கைதட்டும் சனத்துக்கு இது பெரிதாகப் படாது. எனக்குப் படுகிறது.

மற்ற வாத்தியங்களுக்கு இவ்வளவு கதை இல்லை. 1931இல் வட இலங்கைச் சங்கீத சபை தொடங்கிப் பரீட்சைகள் வந்த பிறகு வயலினும் வீணையும் வீட்டுப் பொருள்களாயின. பட்டம் வாங்கிக் கலியாணமானதும் உறையைக் கழற்றாத வீணைகள் எத்தனை வீட்டில்! நாடகக் கலைஞர் வைரமுத்துவின் மயான காண்டம் நாடகத்தோடு ஆர்மோனியம் ஊரெல்லாம் போனது. நாயனத்துக்குச் சுருதி ஊதி மூச்சுப் பிடித்து நின்ற ஒத்துக்காரரின் இடத்தில் சுருதிப்பெட்டி இருக்கிறது. இதற்காக நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். ஒத்து ஊதியவரின் கன்னம் பாவம்.

2023 ஒக்டோபரில் நாகபட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் திரும்ப வந்தது. சீவாளி ஒரு கட்டு சட்டைப் பையிலேயே வந்துவிடும், அதற்கு வழி திறந்தாயிற்று. வார் பிடிக்கும் வேலையைத்தான் இங்கேயே காப்பாற்ற வேண்டும். கோபுரத்துக்குப் பெயின்ற் அடிக்கச் செலவழிக்கும் கோயில் சபைகள், திருவிழாவுக்கு வரும் நாலு தவிலில் ஒன்றாவது வார்த் தவிலாக இருக்க வேண்டும் என்று சொல்லி, அதற்கென்று கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் என்ன?