பாராட்டிக் கைகழுவுதல்

புயல் ஓய்ந்த ஊரைப் பற்றி எழுத இப்போது ஒரு வாய்பாடே வந்துவிட்டது. முதல் பத்தியில் சாய்ந்த தென்னை. இரண்டாம் பத்தியில் எட்டிப் பார்க்காத அதிகாரி. மூன்றாம் பத்தியிலிருந்து கடைசிவரை இளைஞர்கள்: ரம்பத்தோடு வந்தவர்கள், உலை வைத்துச் சோறு போட்டவர்கள், குளம் தூர்வாரியவர்கள். முடிக்கும்போது 'மக்களே மக்களை மீட்டார்கள்' என்று ஒரு வரி. குறும்படத்துக்கும் இதே வாய்பாடுதான், விருது விழாப் பேச்சுக்கும் இதேதான்.

சென்ற மாதம் தில்லி முனிர்காவில் நண்பர் ஒருவர் வீட்டில் அப்படி ஒரு படத்தைப் போட்டுக் காட்டினார்கள். கஜா புயலுக்குப் பிந்தைய டெல்டா. தில்லித் தமிழர்கள் இருபது பேர் இருந்தோம். படம் நன்றாகவே இருந்தது. முடிந்ததும் எடுத்த தம்பி பேசினார்: "கவர்ன்மென்ட் என்ன செஞ்சுதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தா காலம் போயிடும் சார். நாமளே இறங்கிடணும்." எல்லோரும் தலையாட்டினார்கள். இந்த வாக்கியத்தோடு எனக்குப் பல வருடச் சண்டை. அன்றைக்கு விருந்தாளியாகப் போயிருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். இங்கே மூட வேண்டியதில்லை.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறியபோது, முதல் வாய்த் தண்ணீர் கொடுத்தது பக்கத்து ஊர்க்காரர்கள்தான். எந்தத் தெருவில் எந்தக் கிழவி தனியாக இருக்கிறாள் என்பது தாலுகா அலுவலகத்துக்குத் தெரியாது, தெருப் பையனுக்குத் தெரியும். அடுத்த வருடம் பேராவூரணியில் விவசாயிகளும் இளைஞர்களும் சேர்ந்து கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கிப் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். பெரிய காரியம். அரசும் சும்மா இருக்கவில்லை. புயலுக்கு முன்பே எண்பதாயிரம் பேருக்கு மேல் முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க.ஸ்டாலினே முதலில் அதைப் பாராட்டினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்த வயல்களில், முழங்கால் சேற்றில் நின்று கம்பி இழுத்த லைன்மேன்களை யாரும் குறை சொல்ல முடியாது.

என் குறை உழைத்தவர்கள் மேல் அல்ல. அந்த உழைப்பை நாம் பாராட்டும் விதத்தின் மேல்.

ஊர் கூடிச் செய்த வேலையை அரசு செய்யாத வேலைக்கு ஈடாக வைத்துப் பேசத் தொடங்கிய நிமிடத்தில், ஒரு கேள்வி காணாமல் போகிறது. பேராவூரணிக் குளத்தையே எடுத்துக்கொள்வோம். 'இளைஞர்கள் தூர்வாரினார்கள்' என்பது செய்தி. அதற்குமுன் எத்தனை வருடம் அது தூர்வாரப்படாமல் கிடந்தது, ஏன் கிடந்தது, பராமரிப்புக்கென்று எழுதிய பணம் எங்கே போனது என்பது எந்தப் பாராட்டுரையிலும் வராது. கேட்டால் விழாவின் மூட் கெட்டுவிடும். கடமை தவறியவர் அதே மேடையில் பொன்னாடை போர்த்த வந்து நிற்பார். போர்த்தியும் விடுவார்.

அதே டெல்டாவில் கேட்டவர்கள் இருந்தார்கள். புயல் அடித்த மறுநாளே புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், கொத்தமங்கலம் பக்கம் குடிக்கத் தண்ணீர் இல்லை, யாரும் வந்து பார்க்கவில்லை என்று சாலை மறித்தார்கள். கோபம் முற்றியதில் அரசு வாகனங்கள் எரிந்தன. பலர் கைதானார்கள். வண்டியை எரித்ததை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் மறித்தவர்களையும் எரித்தவர்களையும் ஒரே கயிற்றில் கட்டி 'வன்முறைக் கும்பல்' என்று எழுதிய கைகள்தாம், பிறகு மண்வெட்டி எடுத்தவர்களை 'நம்பிக்கை நட்சத்திரங்கள்' என்று எழுதின. கேட்டால் குற்றவாளி, கேட்காமல் செய்தால் கதாநாயகன். அரசுக்கு இதைவிட வசதியான இலக்கணத்தை யாரும் எழுதிக் கொடுத்ததில்லை.

நானும் இதில் பங்காளி. அந்த நவம்பரில் முனிர்காவிலிருந்து நாங்களும் தார்ப்பாய், போர்வை, கொசுவத்தி என்று மூட்டை கட்டி ரயிலேற்றினோம். படமும் எடுத்துக்கொண்டோம். அந்த மாதக் கடைசியில், 29, 30 தேதிகளில், இதே தில்லியில் விவசாயிகள் பேரணி நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மண்டையோடுகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மூட்டை கட்டிய எங்களில் பெரும்பாலோர் அங்கே போகவில்லை. 'அது அரசியல்' என்றோம். தார்ப்பாய் மட்டும் அரசியல் இல்லையாம்.

கணக்கைப் பார்ப்போம். மாநில அரசு மத்திய அரசிடம் கேட்டது ஏறக்குறைய 15,000 கோடி ரூபாய். தேசியப் பேரிடர் நிதியிலிருந்து டிசம்பர் 31 அன்று ஒதுக்கப்பட்டது 1,146 கோடி. கேட்டது மிகை என்று வாதிடலாம், கொடுத்தது பிச்சை என்றும் வாதிடலாம். எனக்கு முக்கியம் வேறு. எந்த விதியின்படி இந்தப் பணம் தரப்படுகிறதோ அந்த விதியே, இது உதவிதான், இழப்பீடு அல்ல என்று சொல்கிறது. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் மத்திய அரசு இதை மறக்காமல் நினைவூட்டும். இழப்பீடு என்றால் இழந்தவன் கேட்கலாம், குறைந்தால் வழக்காடலாம். உதவி என்றால் வாங்கிக்கொண்டு கும்பிட வேண்டும்.

அன்றைய மத்திய விதிப்படி தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய், அதுவும் 2 ஹெக்டேர் வரைதான். இது போதாதென்று தெரிந்துதான் மாநில அரசு மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500 என்று 1,100 ரூபாய் அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். கேட்கப் பெரிய தொகை. ஆனால் நெட்டைத் தென்னங்கன்று நட்டுக் காய் பார்க்க ஆறேழு வருடம் ஆகும். வெட்டுக்கூலியைத் தள்ளினால், காத்திருக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் மரத்துக்கு நூறு ரூபாய்க்கு மேல் தேறாது. இது பட்டா உள்ளவர் கதை. மரம் ஏறியவருக்கும், மட்டை உரித்தவருக்கும், கீற்று முடைந்து பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்களுக்கும் சிட்டாவும் இல்லை, அடங்கலும் இல்லை. அவர்கள் இழந்த ஆறேழு வருடக் கூலிக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. மகளிர் குழுக் கடன் தவணை மட்டும் வீட்டு வாசலுக்குத் தவறாமல் வந்து நின்றது.

இந்த இடத்தை எந்தத் தன்னார்வலராலும் நிரப்ப முடியாது. தார்ப்பாய் ஒரு மழைக்காலத்துக்கு. கடன் ஏழு வருடத்துக்கு. கடனைத் தள்ளிவைக்கவும் விதியைத் திருத்தவும் கூலிக்காரரைப் பட்டியலில் சேர்க்கவும் அதிகாரம் உள்ளது அரசு ஒன்றுக்குத்தான். 'நாமளே இறங்கிடணும்' என்ற தம்பி எதில் இறங்குவார்? வங்கியிலா?

ஆழிப்பேரலை அடித்து ஓராண்டு முடியும் தறுவாயில், 2005இல், பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன் 13ஆம் பிரிவு, கடுமையான பேரிடர்களில் பாதிக்கப்பட்டவர்களின் கடன் திருப்பத்தில் சலுகை தரலாம் என்று பரிந்துரைக்கத் தேசிய ஆணையத்துக்கு இடம் கொடுத்தது. 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு, அங்குள்ளவர்களின் கடனைத் தள்ளுபடி செய்ய முடியுமா என்று கேரள உயர் நீதிமன்றம் கேட்டது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2025இல் சட்டம் திருத்தப்பட்டு அந்தப் பிரிவு எடுக்கப்பட்டது. பிரிவே இல்லை, அதிகாரமும் இல்லை என்பது பிறகு மத்திய அரசிடமிருந்து வந்த பதில். வயநாட்டுத் தன்னார்வலர்களைப் பாராட்டாத பத்திரிகை இல்லை. பிரிவு 13 போனதை முதல் பக்கத்தில் போட்ட பத்திரிகைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கடற்கரையில் இந்தப் பாராட்டு இன்னும் கசக்கும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது குமரி மீனவர்களும் திருவனந்தபுரத்து மீனவர்களும் நடுக்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை நேரத்துக்கு வரவில்லை, தேடுதலும் வேகமாக நடக்கவில்லை என்று கரையில் நின்று கதறினார்கள். குமரியில் குழித்துறை ரயில் நிலையத்தை மறித்தார்கள். ஒன்பதே மாதம் கழித்து, 2018 ஆகஸ்டு வெள்ளத்தில், கேரள மீனவர்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் ஆயிரக்கணக்கானவர்களை மீட்டார்கள். அவர்களைக் கேரளத்தின் சொந்தப் படை என்று புகழ்ந்தார்கள். புகழ் தகும். ஆனால் கடலில் காணாமல் போனவர்களைத் தேடும்போது அந்தப் படைக்கு யார் படையாக வந்தார்கள் என்ற கேள்விக்கு, அந்தப் புகழில் ஒரு வரி பதிலும் இல்லை.

'ஊர்' என்று உருகுகிறவர்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். எந்த ஊர்? நம் ஊர் என்பது எப்போதும் ஊரும் சேரியுமாகத்தான் இருந்திருக்கிறது. ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் தலித் குடும்பங்கள் முகாமிலும் நிவாரண வரிசையிலும் ஒதுக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. லாரி தார்ச்சாலையில் நிற்கும், சாலையோரத்துத் தெரு மூன்று முறை வாங்கும், உள்ளே இருக்கும் குடியிருப்பு லாரிச் சத்தத்தை மட்டும் கேட்கும். ஊர் அப்படிப் பிரித்துக் கொடுத்தால் அதைத் தட்டிக் கேட்பது லேசல்ல, கொடுப்பவர் இஷ்டம். அரசு அப்படிச் செய்தால் வழக்குப் போடலாம். எல்லோருக்கும் சமமாகத் தர வேண்டிய கட்டாயம் உள்ள ஒரே கை அரசின் கைதான். அந்தக் கையைத்தான் 'வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று பெருமையோடு விடுவிக்கிறோம்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். சென்னையின் மன உறுதியைப் பாராட்டி நடிகர் விக்ரம் ஒரு பாட்டையே எடுத்தார். நானும் கேட்டுக் கண் கலங்கியிருக்கிறேன். 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, செம்பரம்பாக்கம் ஏரித் திறப்பையும் ஆக்கிரமிப்புகளையும் அலசி, அது மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று சொன்னது. பாட்டைக் கேட்டவர்கள் எத்தனை பேர், அறிக்கையைப் புரட்டியவர்கள் எத்தனை பேர்?

வெளியூர்க் கதையும் இதுதான். நியூ ஆர்லியன்ஸ்காரர்களின் மனத்திடத்தை உலகமே பாடியது. அவர்கள் பாட்டோடு நிற்கவில்லை. 2005 கத்ரினா சூறாவளியில் நகரம் மூழ்கியதற்கு ராணுவப் பொறியாளர் படை கால்வாயைப் பராமரிக்காததும் காரணம் என்று வழக்காடி 2009இல் தீர்ப்பு வாங்கினார்கள். மேல் முறையீட்டில் 2012இல் தோற்றார்கள். வீடு கட்டத் தந்த உதவித்தொகை வீட்டின் பழைய சந்தை விலையை ஒட்டிக் கணக்கிடப்பட்டதால் கறுப்பின மக்களுக்குக் குறைந்துபோனது என்று தொடுத்த இன்னொரு வழக்கில், 2011இல் அரசு சமரசம் செய்து கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. தோற்ற வழக்கிலும் ஒரு லாபம் உண்டு: யார் பொறுப்பு என்பது சாட்சியத்தோடு நீதிமன்றப் பதிவில் ஏறிவிட்டது. கஜாவுக்கு அப்படி என்ன ஏறியிருக்கிறது? குறும்படங்கள்.

கொஞ்சம் கடுமையாகப் போய்விட்டேனோ என்று தோன்றுகிறது. குறும்படம் எடுத்த தம்பி கெட்டவரல்லர். அவர் தார்ப்பாய் சுமந்தவர், நான் எழுதுகிறவன். ஆனாலும் என் தீர்ப்பில் மாற்றமில்லை. கேள்வி இல்லாத பாராட்டு, கைகழுவத் தண்ணீர் ஊற்றும் வேலைதான்.

அடுத்த புயலும் வரும். முனிர்காவில் மறுபடி மூட்டை கட்டுவோம், கட்டத்தான் வேண்டும். ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு தகவல் உரிமை மனுவும் எழுதுவோம்: இந்த மாவட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், பட்டா இல்லாதவர்கள் எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள்? கட்டணம் பத்து ரூபாய். பதில் வராவிட்டால் மத்திய அரசின் அலுவலகங்கள் மேல் இரண்டாம் மேல்முறையீட்டுக்கு அலைய வேண்டியதுகூட இல்லை. மத்தியத் தகவல் ஆணையம் இதே முனிர்காவில், பாபா கங்கநாத் சாலையில்தான் இருக்கிறது.