நாளையைப் பற்றிக் கேட்ட நான்கு பெண்கள்

பெண் குழுக்களின் பாட்டைப் பற்றி எழுதும் ஆண் விமர்சகர்கள் பெரும்பாலும் பாடியவர்களைப் பற்றி எழுதுவதில்லை. தயாரிப்பாளர் யார், பாட்டை எழுதியவர் யார், ஒலிப்பதிவில் எத்தனை வயலின் என்று போகும் பட்டியலில் பாடிய பெண்கள் கடைசியில், ஏறக்குறைய இன்னொரு வாத்தியம்போல வருவார்கள். ஷிரெல்ஸ் குழுவைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் ரசிகை என்ற உரிமையில் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. அவர்களுடைய வெற்றிப்பாடல்களில் பலவற்றை வேறு யாரோதான் எழுதினார்கள். உண்மைதான். ஆனாலும் அவற்றில் ஒரு பெண் யோசிப்பது நமக்குக் கேட்கிறதென்றால், அது பாடிய குரல் செய்த வேலை.

ஷேர்லி ஓவன்ஸ், டோரிஸ் கோலி, ஆடி 'மிக்கி' ஹாரிஸ், பெவர்லி லீ. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பசேயிக் என்ற ஊரில், ஒரே பள்ளியில் படித்த நான்கு கறுப்பினப் பெண்கள். 1958இல் வெளிவந்த அவர்களுடைய முதல் பாட்டு 'ஐ மெட் ஹிம் ஆன் எ சண்டே'. அதை அவர்களே எழுதினார்கள். கை தட்டல்தான் பாட்டின் முதுகெலும்பு. ஞாயிற்றுக்கிழமை ஒருவனைப் பார்க்கிறாள். வாரம் நகர நகரக் காதல் வளர்கிறது. ஒரு நாள் அவன் வராமல் போகிறான். வாரம் முடிவதற்குள் அவனுக்கு விடை கொடுத்தாகிவிட்டது. அழுகை இல்லை, சாபம் இல்லை. பள்ளி மைதானத்தில் பெண்கள் ஆளுக்கொரு வரியாகக் கதை சொல்லிக்கொள்ளும் தொனி. பின்னால் வந்த பெரிய பாடல்களின் விதை இதில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது: ஒருத்திக்கு நேர்வதை நால்வரும் சேர்ந்து அறிந்துகொள்வது.

அவர்களைப் பதிவு செய்தவரும் ஒரு பெண்தான். ஃப்ளோரன்ஸ் கிரீன்பர்க் நாற்பது வயதைக் கடந்த குடும்பத் தலைவி. அவருடைய மகள் இந்த நால்வரோடு படித்தவள். மகள் சொல்லித்தான் அம்மா இவர்களைக் கேட்டார். பிறகு செப்டர் ரெக்கார்ட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஆண்கள் நடத்திய இசைத் தொழிலில் இது அபூர்வம். முதலாளி பெண்ணாக இருந்ததால் எல்லாம் நியாயமாக நடந்தது என்று யாராவது நினைத்தால், சற்றுப் பொறுக்கவும்.

1960இல் வந்த 'டுநைட்ஸ் த நைட்' பாட்டை லூதர் டிக்சனோடு சேர்ந்து எழுதியவர் ஷேர்லியே. வரப்போகும் இரவைப் பற்றி ஒரு பெண்ணுக்குள் ஆசையும் அச்சமும் ஒன்றாகக் கிடந்து புரள்கிற பாட்டு. தரவரிசையில் 39ஆம் இடம்வரைதான் போனது. அதே ஆண்டின் இறுதியில் வந்தது 'வில் யூ லவ் மீ டுமாரோ'. 1961 ஜனவரியில் அது பில்போர்ட் ஹாட் 100 பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று அந்த இடத்தை அடைந்தது அதுவே முதல் முறை.

இந்தப் பாட்டைக் காதல் ஏக்கம் என்று சொல்லிக் கடந்துபோவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பெண் கெஞ்சவில்லை, விசாரிக்கிறாள். இந்த இரவு அவளுக்கும் வேண்டும்; அதை ஒளிக்கவில்லை. ஆனால் விடிந்த பிறகு விலை கொடுக்கப்போவது யார் என்பதும் அவளுக்குத் தெரியும். கருத்தடை மாத்திரைக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது 1960 மே மாதத்தில். மணமாகாதவர்களுக்கும் கருத்தடைச் சாதனம் பெறும் உரிமை உண்டு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது 1972இல். இடைப்பட்ட அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளின் வாசலில் நின்றுகொண்டு பதின்ம வயதுப் பெண் ஒருத்தி 'நாளை' என்ற சொல்லை உச்சரித்தால் அதில் படிப்பு, வீடு, ஊர்வாய், தன் உடம்பு எல்லாம் அடங்கும். கேள்வி அவனுடைய மனதைப் பற்றியது போலத்தான் இருக்கிறது. அவள் அளந்து பார்ப்பது தன் வாழ்க்கையை.

ஷேர்லி இதைப் பாடும் விதத்தைக் கவனியுங்கள். குரலில் குழைவு குறைவு. சில இடங்களில் சுருதிக்கு ஒரு மயிரிழை கீழே நிற்கிறாரோ என்று தோன்றும். பயிற்சி பெற்ற பாடகி அந்த இடங்களை மெருகேற்றியிருப்பார். மெருகேற்றியிருந்தால் பாட்டு செத்திருக்கும். பேசுவதற்கும் பாடுவதற்கும் நடுவிலுள்ள அந்தத் தட்டையான நேர்மையினால்தான் நமக்கு அவள்மீது நம்பிக்கை வருகிறது. பின்னால் தந்தி வாத்தியங்கள் குதிரை வேகத்தில் ஓடுகின்றன; அவள் மட்டும் நிதானமாக நின்று கேட்கிறாள். அவனுடைய பதில் பாட்டில் இல்லவே இல்லை.

தந்தி வாத்தியங்களுக்கு இசைக்கோவை எழுதியவர் மெட்டமைத்த கெரோல் கிங். அப்போது அவருக்கு 18 வயது, கையில் குழந்தை. வரிகளை எழுதியவர் அவருடைய கணவர் ஜெர்ரி கோஃபின். ஆக, பெண்மனதின் சாசனம் என்று நாம் கொண்டாடும் சொற்கள் ஓர் ஆணுடையவை. இதே தம்பதி 1962இல் 'த கிரிஸ்டல்ஸ்' என்ற இன்னொரு பெண் குழுவுக்கு எழுதிய பாட்டில், காதலன் அடித்ததை முத்தம்போல ஒருத்தி ஏற்றுக்கொள்கிறாள். தங்கள் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட இளம்பெண் தன் காதலன் அடித்ததைச் சொன்ன விதம்தான் அதற்குத் தூண்டுதல் என்பார்கள். என்னால் அதை ஒருமுறைக்கு மேல் கேட்க முடியவில்லை. எழுதிய கைகள் அவையேதான். முதல் பாட்டில் பாடுகிறவளுக்குக் கேள்வி கேட்க இடம் கிடைத்தது. இரண்டாவதில் அந்த இடம் அடைபட்டுவிட்டது.

ஷிரெல்ஸ் பாடல்களில் பின்னணிக் குரல்களைத் தனியாகக் கேட்டுப் பழகினால் வேறொரு கதை கிடைக்கும். 'மாமா செட்' பாட்டில் இப்படிப்பட்ட நாள்களும் வரும் என்று அம்மா முன்பே சொல்லிவைத்திருக்கிறாள். அந்த அம்மாவின் அறிவைச் சுமப்பவை பின்னணிக் குரல்கள். 1963இன் 'ஃபூலிஷ் லிட்டில் கேர்ள்' இன்னும் ஒரு படி மேலே. கைவிட்டவனை, அவனுக்கு வேறொருத்தியோடு திருமணம் நிச்சயமான பிறகு விரும்பத் தொடங்குகிறவளைத் தோழி கண்டிக்கிறாள். இவள் மறுத்துப் பேசுகிறாள். சங்க அகப்பாடல்களில் தோழி பேசுவதைப் படித்து வளர்ந்த நமக்கு இந்த அமைப்பு அந்நியமாக இராது. ஆண் காதில் விழாத பேச்சு அது.

'சோல்ஜர் பாய்' 1962இல் முதலிடம் பிடித்தது. எனக்குப் பிடிக்காது. அதில் கேள்வியே இல்லை. காத்திருப்பேன் என்ற சத்தியம் மட்டும்தான்.

பீட்டில்ஸ் குழு 1963இல் தங்கள் முதல் இசைத்தொகுப்பில் ஷிரெல்ஸின் இரண்டு பாடல்களை மறுபடி பாடியது: 'பேபி இட்ஸ் யூ', 'பாய்ஸ்'. பின்னது 'வில் யூ லவ் மீ டுமாரோ' இசைத்தட்டின் மறுபக்கத்தில் இருந்த பாட்டு. பையன்களைப் புகழும் அதன் பல்லவியைப் பையன்கள் அப்படியே பாடியதில் ஓர் அழகு இருக்கிறது. ஆனால் ஒருவர் பாடிய பாட்டை வேறொருவர் பதிவு செய்தால் உரிமைத்தொகை எழுதியவர்களுக்குப் போகும். முதலில் பாடியவர்களுக்கு அல்ல. முன்மாதிரியாக அமைந்த குரலுக்குச் சட்டத்தில் விலை கிடையாது.

தங்கள் பங்கு வருமானமோ? 21 வயது ஆகும்வரை அது அறக்கட்டளைக் கணக்கில் பத்திரமாக இருக்கும் என்று சொல்லப்பட்டதாக ஷிரெல்ஸ் கூறினார்கள். வயது வந்து 1963இல் கேட்டபோது அப்படியொரு பணம் இல்லை என்று தெரிந்தது. வழக்குத் தொடுத்தார்கள், செப்டர் எதிர்வழக்குப் போட்டது, 1965இல் சமரசமானது. நாளை தருகிறேன் என்று சொன்னவர் இம்முறை காதலன் அல்ல, தாய்போல நடந்துகொண்டதாக அவர்கள் நம்பிய பெண் முதலாளி. பெண் தலைமை பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அந்த வழக்கு நடந்த ஆண்டுகளில் அவர்களுடைய பெரிய வெற்றிகள் நின்றுபோயின.

1971இல் கெரோல் கிங் தன் 'டேபஸ்ட்ரி' தொகுப்பில் 'நாளை' பாட்டை மெதுவாக, பியானோ வாசித்தபடி பாடினார். இருபத்தெட்டு வயதுப் பெண்ணின் குரல். பதில் என்னவென்று தெரிந்துகொண்ட குரல். பலருக்கு அதுதான் உயர்ந்த வடிவம். நான் ஷிரெல்ஸ் பக்கம். பதில் தெரியாமல், ஆடிக்கொண்டே கேட்க வேண்டியிருந்தவளின் துணிச்சல் மெதுவான வடிவத்தில் இல்லை.

அதே 1971இல் லாரா நைரோ என்ற பாடகி, லபெல் குழுவின் மூன்று பெண்களோடு சேர்ந்து ஒரு தொகுப்பு வெளியிட்டார். அதன் முதல் பாட்டு 'ஐ மெட் ஹிம் ஆன் எ சண்டே'. மறுபடியும் நான்கு பெண்கள், அதே வாரம், அதே விடைகொடுத்தல். எழுதியவர்கள் என்ற இடத்தில் இருப்பவை பசேயிக் பள்ளிப் பெண்கள் நால்வரின் பெயர்கள்.