நேரலை ஆராதனை இசைத்தொகுப்பில் சபையின் குரல்: தஞ்சைக் கீர்த்தனை மரபை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ இசையில் அண்மைக் காலத்தில் செல்வாக்குப் பெற்றுள்ள வடிவங்களுள் ஒன்று நேரலை ஆராதனை இசைத்தொகுப்பு. சபையார் முன்னிலையில் பாடப்படும் பாடல்களை, இடையே எழும் செபம், கைத்தட்டல், கூட்டுக்குரல் ஆகியவற்றோடு பதிவு செய்து வெளியிடுவது இதன் இயல்பு. சிட்னியின் ஹில்சாங் சபை 1990-களில் வெளியிட்ட தொகுப்புகள் இவ்வடிவம் உலகெங்கும் பரவத் துணைநின்றன. கீபோர்டும் டிரம்ஸும் இராக தாள மரபை அகற்றிவிட்டன என்று கூறி இதனைக் கீர்த்தனையின் வீழ்ச்சியாகக் காண்போர் உளர். அம்மதிப்பீடு போதுமானதா என்பதைத் தஞ்சையின் வரலாறு கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

காலட்சேபமும் அச்சும்

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) சுவார்ட்சு ஐயரிடம் பயின்றவர். இரண்டாம் சரபோஜியின் ஆதரவைப் பெற்றவர். அவரது ‘பெத்லகேம் குறவஞ்சி’ தேவமோகினியைத் திருச்சபையின் உருவகமாக்கி, அக்காலத்து வானியல், புவியியல் அறிவையும் தன்னுள் கொண்டது. அவர் பாடல்கள் முதன்மையாக நிகழ்த்துதலுக்குரியவை. பாடகர் சரணத்தை விரிக்க, குழுவினர் பல்லவிக்குத் திரும்புவர். இடையில் விளக்கவுரை அமையும். சிறு அடியைப் பலமுறை பாடி உணர்வைப் பெருக்குவதும், பாடலிடையே பேசுவதும் இன்றைய ஆராதனையின் புதுமைகள் என்பது முழுமையாகப் பொருந்தாது.

மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853-இல் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பில் சாஸ்திரியாரின் பாடல்கள் இடம்பெற்றன. அச்சு அவற்றைத் தஞ்சைக்கு அப்பாலுள்ள சபைகளுக்கும் கொண்டு சென்றது. ஆயினும் விரிந்தும் சுருங்கியும் வந்த பாடல் வரையறுத்த பாடமாயிற்று.

மரபின் மறுபக்கம்

1820-களின் இறுதியில் தஞ்சையின் இளைய மிஷனரிமாருக்கு எதிராகச் சாஸ்திரியாரும் அவரைச் சார்ந்தோரும் முன்வைத்த முறையீடுகள் நான்கு: வேத மொழிபெயர்ப்பைத் திருத்தியமை, சாதியாரை ஒன்றாக்க முயன்றமை, விழாக்களில் மலர்களை விலக்கியமை, ஆலயத்தில் தமிழிசைப் பாடல்களை நீக்கியமை. தமிழிசைக்கான நியாயமான குரலும் சாதி வேறுபாட்டைக் காக்கும் குரலும் ஒரே ஆவணத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. எனவே, கீர்த்தனையை மண்ணின் இசை என்று மட்டும் போற்றுவது, அது எவருடைய மண் என்னும் வினாவைத் தவிர்ப்பதாகும்.

மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஜே. தியாபிலஸ் அப்பாவு இவ்வினாவை நேரடியாக எழுப்பினார். கருநாடக இசைக் கீர்த்தனை மேல்தட்டினரின் பண்பாட்டைச் சுமப்பது எனக் கண்ட அவர், ஒடுக்கப்பட்டோர் தாமே பாடவும் மாற்றவும் இயலும் நாட்டுப்புற இசையை வழிபாட்டிற்குக் கொணர்ந்தார். இசையின் பிறப்பிடத்தைவிட, பாடுவோருக்கு அதன்மீதுள்ள உரிமையே அவர் தரும் அளவுகோல்.

நேரலைத் தொகுப்பு

இவ்வளவுகோலால் நோக்கும்போது நேரலைத் தொகுப்பின் வலிமையும் குறையும் ஒருங்கே புலப்படும். இசைப்பயிற்சியற்றவரும் முதல் கேள்வியிலேயே உடன்பாடத்தக்க எளிய மெட்டு அதன் வலிமை. சரணத்தின் நுட்பத்தில் தயங்கி நின்றவர் இங்குத் தயக்கமின்றிப் பாடுகிறார். ஆனால் பதிவில் முதன்மைப் பாடகரின் குரலே முன்நிற்கிறது. சபையின் குரல் பெரும்பாலும் பின்னணி ஒலியாகக் குறைக்கப்படுகிறது. சபை பாடியதற்குச் சான்றாக அமைய வேண்டிய ஒலி, பாடகரின் வெற்றிக்குச் சான்றாகிவிடுகிறது.

மேலும், ஒரு மாலையில் தற்செயலாக எழுந்த செபமொழியும் இடைநிறுத்தமும் பதிவான பின் மாதிரியாகின்றன. டெல்டாவின் சிற்றூர்ச் சபை அத்தொகுப்பைக் கேட்டுப் பயிலும்போது, பாடலோடு அந்த உருக்கத்தையும் படியெடுக்க நேர்கிறது. அச்சு பாடத்தை நிலைப்படுத்தியது. ஒலிப்பதிவு நிகழ்த்துதலையே நிலைப்படுத்துகிறது. பாடல் வரிகளிலும் ‘நான்–நீர்’ உறவே மேலோங்குவதால், குறவஞ்சி தாங்கிய உலகியல் அறிவின் அகலம் குறுகுகிறது. வாத்தியங்களின் மாற்றத்தினும் கருதத்தக்க இழப்பு இதுவே.

முடிவுரை

கீர்த்தனையையும் ஆராதனைப் பாடலையும் தமிழ், மேலை என எதிர்நிறுத்தும் திறனாய்வு இரண்டின் உட்சிக்கலையும் மறைக்கிறது. நேரலைத் தொகுப்பை மதிப்பிடும் ஆய்வாளர், மேடையின் எதிரே நிற்போரின் குரல் பதிவில் எவ்வளவு கேட்கிறது, அப்பாடலைத் தம் ஊரில் தம் வழியில் மாற்றிப் பாட அவர்களுக்கு இடமுண்டா என்னும் இரு வினாக்களை முதலில் எழுப்புதல் வேண்டும். சாஸ்திரியாரின் பாடல்களையும் அதே வினாக்களுக்கு உட்படுத்துவதே அம்மரபுக்குச் செய்யும் நேர்மையாகும்.