காலத்தை வளைக்கும் கலை

சோதனை என்ற வார்த்தையைக் கேட்டதுமே பாதிப்பேர் எழுந்து போய்விடுகிறார்கள். மீதிப்பேர் புரியாமலே தலையாட்டுகிறார்கள். வீடியோக் கலையைப் பற்றிய பேச்சிலும் இந்த இரண்டு கட்சிகள்தாம். காலத்தையும் இடத்தையும் இஷ்டப்படி வளைக்கிறார்கள் என்பது ஒரு கட்சிக்குப் புகார். மற்றதற்கு அதுவே பெருமை.

வளைப்பது புதிதல்ல. பசுமலைக்காரர்கள் அதைத் தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டாம். மதுரையைத் தாண்டி அழகர்கோயிலுக்குப் போய், வசந்த மண்டபத்து ராமாயண ஓவியங்களை அண்ணாந்து பார்த்தால் போதும். நாயக்கர் காலத்து வேலை. ஒரே ராமன் வரிசையாகப் பல தடவை வருகிறான். நடந்து முடிந்ததும் நடக்கப் போவதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே காலத்தை ஓட்டுகிறவன் பார்க்கிறவன்தான். வேண்டிய இடத்தில் நிற்கலாம், திரும்பியும் போகலாம்.

சினிமா இந்த உரிமையைப் பறித்துக்கொண்டது. படம் ஓடுகிற வேகத்துக்கு நாமும் ஓட வேண்டியதாயிற்று. பம்பாய் ஓவியர் அக்பர் பதம்ஸீ 1970-இல் செய்த 'சிஸிஜி' கதையையும் ஒலியையும் உதறிவிட்டது. 11 நிமிஷம், புள்ளிகளும் கோடுகளும் ஒரு கணக்குப்படி சேர்ந்து பிரிகின்றன. துணிச்சலான காரியம், சந்தேகமில்லை. ஆனால் மூளை ஒப்புக்கொள்கிற அளவுக்கு மனசு ஒப்புக்கொள்ள மறுக்கிறது. கதை போயிற்றே தவிர, பார்க்கிறவனுக்குச் சுதந்திரம் வரவில்லை.

ரண்பீர் கலேகா 1998-99-இல் செய்த 'ஊசியில் நூல் கோக்கும் மனிதன்' வேறு ஜாதி. எண்ணெய் வர்ணத்தில் தீட்டிய ஒரு மனிதன்; அந்த ஓவியத்தின் மேலேயே அவனுடைய வீடியோ பிம்பமும் விழுகிறது. அசைவு மிகவும் கொஞ்சம். ஓவியம் காத்திருக்கிறது, வெளிச்சம் மூச்சு விடுகிறது. ஒரே ஆள் இரண்டு காலங்களில் உட்கார்ந்திருக்கிறான். உத்தி என்று பார்த்தால் இதுவும் உத்திதான். ஆனால் நூல் கோக்கிறபோது நேரம் எப்படி நீண்டுபோகும் என்பது கண் மங்கிய எந்தத் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் தெரியும். அந்த அனுபவம் உள்ளே இருப்பதால் உத்தி உறுத்தவில்லை. ஆரம்பம், முடிவு என்ற கவலையில்லாமல், வேண்டும்வரை நின்று பார்க்கலாம். அழகர்கோயிலில் இருந்த பழைய உரிமை திரும்பக் கிடைத்துவிட்டது.

இதைக்கொண்டுதான் மற்றச் சோதனைகளையும் அளக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. வேகத்தைக் குறைக்கவும் காட்சியைத் தலைகீழாக ஓட்டவும் இன்று கையிலுள்ள டெலிபோனே போதும். அது சாமர்த்தியம்கூட இல்லை. மனிதனுக்குத் தெரிந்த ஒரு காலத்தை அவனுக்கே மறுபடி காட்டுகிறவன் கலைஞன். பத்து நிமிஷமாவது நின்று பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது ரசிகனுடைய கடமை.