‘டேட்டாக்கள்’ இரட்டைப் பன்மையா?

ஆங்கில வழி வந்த ‘டேட்டா’ என்னும் சொல்லுடன் ‘கள்’ விகுதி சேர்ப்பது பிழை என்று மொழிபெயர்ப்பைத் திருத்துவோர் சிலர் கூறுவதுண்டு. இலத்தீனில் ‘டேட்டம்’ ஒருமை, ‘டேட்டா’ பன்மை; ஆகவே ‘டேட்டாக்கள்’ இரட்டைப் பன்மை என்பது அவர்தம் வாதம். இது சொல்லின் வரலாற்றையும் அதன் இன்றைய இலக்கணத்தையும் ஒன்றெனக் கொள்வதால் எழுந்த மயக்கமாகும்.

‘அஜெண்டா’ என்பதும் இலத்தீனில் பன்மையே. ஆங்கிலத்தில் அது ஒருமையாகி, ‘எஸ்’ விகுதி பெற்றுப் புதிய பன்மையாகவும் வழங்குகிறது; அதனை எவரும் குறை கூறுவதில்லை. ‘டேட்டா’வோ ஆங்கிலத்திலேயே ஒருமை வினையையும் பன்மை வினையையும் ஏற்று நிற்கிறது. கடன் கொடுத்த மொழியிலேயே உறுதிப்படாத எண், கடன் பெற்ற மொழியைக் கட்டுப்படுத்துவது எங்ஙனம்?

எண் என்பது பொருளின் இயல்பு மட்டுமன்று, மொழியின் அமைப்புமாகும். தெலுங்கும் தமிழும் அருகருகே வழங்கும் சித்தூர் மாவட்டத்துப் புத்தலப்பட்டுப் பகுதியைக் கொண்டு இதனை விளக்கலாம். தமிழில் ‘தண்ணீர் வந்தது’ என்பது ஒருமை. தெலுங்கில் ‘நீள்ளு வச்சாயி’ எனப் பெயரும் வினையும் பன்மை. ‘பாலு’ என்பதும் அவ்வாறே. பொருள் ஒன்றே, எண் வேறு. ஆயினும் கைப்பேசியில் டேட்டா தீரும்போது தெலுங்கு ‘அயிபோயிந்தி’ என்றும், தமிழ் ‘தீர்ந்துவிட்டது’ என்றும் ஒருமை வினையே கொள்கின்றன. இலத்தீன் பன்மை இவ்விரு மொழிகளிலும் உணரப்படவில்லை என்பது தெளிவு.

தமிழில் அஃறிணைப் பெயர் ‘கள்’ பெறாமலும் பன்மை உணர்த்தும். ‘மரம் வளர்ந்தது’, ‘மரம் வளர்ந்தன’ என வினையே எண்ணைக் காட்டும். இத்தகையனவற்றையே இலக்கண நூலார் பால்பகா அஃறிணைப் பெயர் என்றனர். ‘தரவு’ என்னும் தமிழாக்கத்திற்கும் இவ்விதி பொருந்தும்.

எனவே, கண்டிக்கத்தக்க பிழை ‘டேட்டாக்கள்’ அன்று. ‘தரவுகள் சேமிக்கப்படுகிறது’ என எழுவாயும் பயனிலையும் முரணும் தொடரே. ஆங்கிலப் பெயரைப் பன்மையாகவும் அதன் வினையை ஒருமையாகவும் தனித்தனியே பெயர்த்ததன் விளைவு இது. திரட்டிய தொகுதி முழுவதையும் ஒன்றாகக் குறிக்கையில் ‘தரவு சேமிக்கப்படுகிறது’ எனலாம். தனித்தனிக் கூறுகளைக் குறிக்கையில் ‘தரவுகள் ஒப்பிடப்படுகின்றன’ எனலாம். ஆய்வறிக்கையிலும் சட்ட வாசகத்திலும் இவ்வேறுபாடு பொருளையே மாற்றவல்லது. மொழிபெயர்ப்பாளர் நாடவேண்டியது இலத்தீன் விகுதியை அன்று. மூலத் தொடர் சுட்டுவது தொகுதியையா, கூறுகளையா என்னும் தெளிவையே.